சாட்டிலைட் டேட்டா சொதப்பினால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக ஒரு பிழைநீக்கக் குறிப்பு

சென்டினல்-2, லேண்ட்சாட், சென்டினல்-1 ஆகிய பூமியைப் படமெடுக்கும் சாட்டிலைட்டுகளின் இலவச டேட்டாவை ஆண்டுக்கணக்கில் இறக்கி, மாவட்ட அளவில் பயிர் வரைபடமோ ஏரி வரைபடமோ போடுகிறவர்களுக்காக எழுதியது இது. ஒரே மாதிரித் தொந்தரவுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்களுடையது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போகலாம்.

எங்கே போவதானாலும் முதலில் ஒரு வேலை இருக்கிறது. நன்றாகத் தெரிந்த மூன்று இடங்களின் ஆயத்தொலைவுகளைக் குறித்து வையுங்கள்: வற்றாத நீர்ப்பரப்பு ஒன்று, விமான ஓடுபாதை மாதிரி மாறாத தளம் ஒன்று, எப்போதும் பச்சையாக இருக்கும் காடு ஒன்று. பிழை தெரிந்த தேதியிலும் அதற்கு முந்தைய தேதியிலும் இந்த மூன்று பிக்சல்களின் மூல எண்ணை, எந்தக் கணக்கும் போடாமல், வாசித்துப் பாருங்கள். இவை அசையாமல் வயல் மட்டும் மாறியிருந்தால் நிலத்தில் ஏதோ நடந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் விவசாயியையும் மழையையும் இழுக்காதீர்கள். ஃபைலைப் படித்த விதத்தில்தான் கோளாறு.

## அறிகுறி 1: 2022 தொடக்கத்திலிருந்து என்டிவிஐ எல்லா இடத்திலும் ஒரே அடியாக விழுகிறது

என்டிவிஐ என்பது பயிரின் பச்சையை அளக்கும் குறியீடு: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சென்டினல்-2 காலத்தொடரில் அடிக்கடி கேட்கிற புகார் இதுதான். வரைபடத்தைப் பார்த்தால் வறட்சி வந்ததுபோலவே இருக்கும். அந்த ஆண்டு நல்ல மழை பெய்த ஊரிலும் அப்படித்தான் இருக்கும்.

முதல் சந்தேகம்: ஆஃப்செட் கழிக்கப்படவில்லை

2022 ஜனவரி 25 அன்று சென்டினல்-2 டேட்டா புராசஸிங் பேஸ்லைன் (படத்தைப் பதப்படுத்தும் முறையின் பதிப்பு எண்) 04.00க்கு மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டியே தருகிறார்கள். இந்த 1000தான் ஆஃப்செட். பழைய ஸ்கிரிப்ட் 10000 ஆல் வகுப்பதோடு நிறுத்திவிடும். அதனால் என்ன ஆகிறது என்று ஒரு நெல் வயலை வைத்துப் பார்க்கலாம். சிவப்பு பேண்டில் (ஒரு அலைவரிசைக்கான அடுக்கு) 500, அகச்சிவப்பில் 3500 என்றால் என்டிவிஐ 0.75. அதே வயல், அதே பச்சை, 1000 கூட்டிய டேட்டாவில் 1500, 4500 என்று வரும். கணக்குப் போட்டால் 0.50. பயிர் அப்படியே நிற்கிறது, வரைபடம் மட்டும் வாடிவிட்டது.

சோதனை சுலபம். ஃபைல் பெயரில் தேதி நேரத்துக்கு அடுத்து ‘என்’ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் வரும். அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் முதலில் 1000 கழியுங்கள், பிறகு 10000 ஆல் வகுங்கள். மதிப்பு 0 என்று இருக்கும் பிக்சல் ‘டேட்டா இல்லை’ என்று பொருள்; அதைக் கழிக்கும் முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

தேதியை வைத்துப் பிரிக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகள் ‘2022 ஜனவரி 25க்குப் பிறகு என்றால் கழி’ என்று எழுதியிருக்கின்றன. பழைய படங்களைப் புதிய பேஸ்லைனில் மறுபடி பதப்படுத்தி ‘கலெக்‌ஷன் 1’ என்று வெளியிட்டிருக்கிறார்கள். அப்படி வந்த 2018 படத்திலும் அந்த 1000 இருக்கும். பேஸ்லைன் எண்தான் நம்பத் தகுந்தது.

அடுத்த சந்தேகம்: இரண்டு முறை கழித்தாகிவிட்டது

என்டிவிஐ 1ஐத் தாண்டினால் உடனே இதைப் பாருங்கள். மேலே சொன்ன அதே 500, 3500 வயலில் தேவையில்லாமல் 1000 கழித்தால் −500, 2500 என்று ஆகி, என்டிவிஐ 1.5 வரும். கூகுள் எர்த் எஞ்சினில் (கூகுளின் கிளவுடிலேயே சாட்டிலைட் கணக்குப் போடும் தளம்) ‘ஹார்மனைஸ்டு’ என்ற பெயருள்ள தொகுப்பில் ஆஃப்செட்டை அவர்களே சரிசெய்து தருகிறார்கள். அமேசானில் உள்ள சிஓஜி (தேவையான துண்டை மட்டும் தொலைவிலிருந்து படிக்க உதவும் ஃபைல் வடிவம்) பிரதிகளுக்கான எர்த் சர்ச் கேட்டலாகில், ஆஃப்செட் ஏற்கெனவே கழிக்கப்பட்டதா என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு இருக்கும். இரண்டு இடங்களிலிருந்து டேட்டா எடுத்துக் கலந்திருந்தால், எது எங்கிருந்து வந்தது என்று ஒரு நெடுவரிசையில் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது: ஏரியில் 6.5 என்ற பிரதிபலிப்பு

நீர்ப்பரப்பிலும் மலை நிழலிலும் மட்டும் எண் பைத்தியம் பிடித்தாற்போல் எகிறினால், டேட்டா வகையைப் பாருங்கள். மூல ஃபைல் குறியில்லாத 16 பிட் முழு எண். அதில் எதிர்ம எண்ணுக்கு இடம் கிடையாது. 900இலிருந்து 1000 கழித்தால் −100 வராது, 65436 வரும். 10000 ஆல் வகுத்தால் 6.5436. என்டிவிஐ போடும்போதும் இதே கதைதான், சிவப்பு அகச்சிவப்பைவிட அதிகமாக இருக்கும் தண்ணீரில் கழித்தல் தலைகீழாகச் சுற்றிக்கொள்ளும். கழிப்பதற்கு முன் தசம எண் வகையான ஃப்ளோட்32க்கு மாற்றுங்கள். ஒரே வரி வேலை.

லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு வேறு எண்கள்: தரைப் பிரதிபலிப்புக்கு 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். தரை வெப்பநிலைக்கு 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வினில் வரும். சென்னையின் வெப்பநிலை 300ஐ ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம், 273.15 கழிக்க மறந்திருப்பீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? பேஸ்லைன் சரி, ஆஃப்செட் சரி, டேட்டா வகையும் சரி, ஆனாலும் ஓடுபாதை பிக்சல் ஒரு தேதியில் மட்டும் துள்ளுகிறது என்றால் வளிமண்டலத் திருத்தத்தில் சிக்கல் இருக்கலாம். சென்டினல் படங்களைத் தரும் ஐரோப்பியத் திட்டமான கோப்பர்நிகஸின் உதவி மையத்துக்கு எழுதுங்கள். முழு ஃபைல் பெயர், ஆயத்தொலைவு, மூல எண் மூன்றும் இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் மறுகேள்விதான் வரும்.

## அறிகுறி 2: மாவட்டப் பரப்பளவு கூடுதலாக வருகிறது, அல்லது படத்தின் நடுவே தையல் தெரிகிறது

பயிர்ப் பரப்பைக் கணக்கிடும் முன்பு, மாவட்டத்தின் மொத்தப் பரப்பை உங்கள் பிக்சல்களை எண்ணியே கண்டுபிடியுங்கள். அரசுக் கணக்கோடு அது ஒத்துவரவில்லை என்றால் மேலே போவதில் அர்த்தமில்லை.

டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சென்டினல்-2 படங்கள் டைல் என்ற சதுரத் துண்டுகளாக வரும். ஒரு டைல் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சதுரம். ஆனால் கட்டம் 100 கிலோமீட்டருக்கு ஒன்றுதான். பக்கத்து டைலோடு சுமார் 10 கிலோமீட்டர் பொதுவாக இருக்கும். டைல் டைலாக எண்ணிக் கூட்டினால் அந்தப் பட்டை இரண்டு முறை கணக்கில் வரும். மொசைக் செய்துவிட்டு, அதாவது ஒரே படமாகத் தைத்துவிட்டு எண்ணுங்கள்.

பரப்பை எந்த புரொஜெக்‌ஷனில் அளந்தீர்கள்? உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையைத்தான் அப்படிச் சொல்கிறோம். இணைய வரைபடங்களின் மெர்கேட்டரில் (குறியெண் 3857) அளந்தால் சென்னை அட்சரேகையில் சுமார் 5 விழுக்காடு, தஞ்சாவூரில் 3.6 விழுக்காடு பரப்பு ஊதிக் காட்டும். வித்தியாசம் சின்னது என்பதால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

78 டிகிரி கோடு. யுடிஎம் என்பது பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் முறை. அதன் 43, 44 மண்டலங்களின் எல்லை தமிழ்நாட்டின் ஊடாகவே போகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல், மதுரை மாவட்டங்களில் ஒரு பாதி 43ஆம் மண்டலத்திலும் (குறியெண் 32643) மறுபாதி 44ஆம் மண்டலத்திலும் (32644) விழும். இரண்டு மண்டல டைல்களின் பிக்சல் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, லேசாகச் சாய்ந்திருக்கும். கோயம்புத்தூருக்கு எழுதிய ஸ்கிரிப்டைத் திண்டுக்கல்லுக்கு ஓட்டினால் இங்கேதான் உடைகிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதை ஒரே ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை மறுபடி மாற்ற மாற்றப் படம் மங்கும்.

சாய்ந்த கோடுகளாக வெற்றிடம் தெரிந்தால் அது லேண்ட்சாட் 7. 2003 மே 31 அன்று அதன் வருடல் கோடுகளைச் சரிசெய்யும் கருவி பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு காணாமல் போனது. நடுவில் சரியாகவும் ஓரத்துக்குப் போகப் போக அகலமான இடைவெளியாகவும் இருக்கும். லேண்ட்சாட் 5 இருக்கும் ஆண்டுகளில் அதற்கு மாறிவிடுங்கள். 2012க்கு மட்டும் லேண்ட்சாட் 7ஐ விட்டால் லேண்ட்சாட்டில் வேறு கதியில்லை. பல தேதிகளை அடுக்கி இடைவெளியை நிரப்பலாம், பக்கத்துப் பிக்சலை நீட்டி நிரப்புவது வேண்டாம்.

## அறிகுறி 3: ஒரே வயலின் எண் வாரத்துக்கு வாரம் குதிக்கிறது

மேகம்தான். எந்தக் கட்டத்தில் தப்பியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘மேகம் 20 விழுக்காட்டுக்குக் கீழ்’ என்று வடிகட்டியிருந்தால், அந்த விழுக்காடு முழு டைலுக்கானது. உங்கள் வட்டாரம் முழுவதும் அந்த 20க்குள்ளேயே சிக்கியிருக்கலாம். மறுபக்கம், 80 விழுக்காடு மேகமுள்ள படத்தில் உங்கள் ஊர் மட்டும் தெளிவாக இருந்து, அதைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். பிக்சல் அளவில் மாஸ்க் போட்டால்தான், அதாவது மேகப் பிக்சல்களை மட்டும் ஒதுக்கினால்தான் சரிவரும். லெவல் 2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த) படத்தோடு வரும், ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று சொல்லும் எஸ்சிஎல் அடுக்கில் 3 என்றால் மேக நிழல், 8ம் 9ம் மேகம், 10 மெல்லிய சிரஸ் மேகம். நிழலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மேகத்துக்குப் பக்கத்தில் திடீரென்று ‘ஏரி’ முளைப்பது அதனால்தான்.

மாஸ்க் போட்டும் புதிதாக ஏரிகள் முளைக்கின்றனவா? எஸ்சிஎல் 20 மீட்டர், உங்கள் பேண்ட் 10 மீட்டர். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும்போது பைலினியர் முறையில் (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்து) மாற்றியிருந்தால் சிக்கல் அங்கேதான். எஸ்சிஎல் எண்கள் வெறும் பெயர்ச்சீட்டுகள், அவற்றுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. 4 என்றால் பயிர், 8 என்றால் மேகம். இரண்டுக்கும் சராசரி 6. எஸ்சிஎல்லில் 6 என்றால் தண்ணீர்! வயலுக்கும் மேகத்துக்கும் நடுவே மெல்லிய கோடாக ஒரு கால்வாய் ஓடும். மிக அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறைக்கு மாற்றுங்கள்.

தலைகீழான கோளாறும் உண்டு. உப்பளம், கடற்கரை மணல், தகரக் கூரை போன்ற பளிச்சென்ற பரப்புகள் எல்லாத் தேதியிலும் மேகம் என்றே குறிக்கப்படலாம். ஒரு பிக்சல் ஏப்ரல், மே மாத உச்சி வெயிலிலும் ‘மேகம்’ என்றால் அது மேகமாக இருக்க வாய்ப்பில்லை.

இவை எல்லாம் சரி, ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலியாகவே இருக்கிறது என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. டெல்டாவில் சம்பா பயிர் வளரும் காலமும் அதுதான் என்பதுதான் வயிற்றெரிச்சல். இங்கே சென்டினல்-1 ரேடாருக்குப் போக வேண்டும். அது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். நடவுக்காகத் தண்ணீர் கட்டியதும் எதிரொலி விழும், பயிர் தூர் கட்டக் கட்ட மேலே ஏறும். மூன்றை மட்டும் கவனியுங்கள். ஏறு பாதைப் படத்தையும் (சாட்டிலைட் வடக்கே போகும்போது எடுத்தது) இறங்கு பாதைப் படத்தையும் (தெற்கே போகும்போது எடுத்தது) ஒரே தொடரில் கலக்காதீர்கள். புள்ளி புள்ளியான இரைச்சலைக் குறைக்க வயல் அளவில் சராசரி எடுங்கள். 2021 டிசம்பர் 23 அன்று சென்டினல்-1பி பழுதானதால், 2024 டிசம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-1சி டேட்டா தரத் தொடங்கும் வரை படங்கள் அரிதாகவே இருக்கும். அந்த இடைவெளியைப் பயிர் மாற்றம் என்று வாசித்துவிடாதீர்கள்.

ரேடாரில் மலைச்சரிவு, வெள்ளம், கட்டடம் என்று போனால் அதற்கென்றே படித்தவர் வேண்டும். சமதள நெல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## அறிகுறி 4: டவுன்லோடு ஆகவில்லை

நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று ‘401’ என்றால் டோக்கன் (உள்ளே நுழைய அனுமதிக்கும் தற்காலிகக் குறியீடு) காலாவதி. கோப்பர்நிகஸ் டேட்டா ஸ்பேஸின் டோக்கன் சில நிமிடங்களிலேயே செத்துவிடும், நீண்ட வரிசையில் நடுவிலேயே புதுப்பிக்க வேண்டும். பழைய ஓப்பன் ஆக்சஸ் ஹப் முகவரியை வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் என்றால் மெனக்கெட வேண்டாம், அந்தத் தளம் 2023 அக்டோபர் இறுதியோடு மூடப்பட்டது. ‘403’ அமேசானிலிருந்து வந்தால், அந்த பக்கெட் (கிளவுட் ஃபைல் கிடங்கு) கேட்பவரே காசு கொடுக்க வேண்டிய வகையா என்று பாருங்கள். லேண்ட்சாட் பக்கெட் அப்படித்தான். ஜிப் ஃபைல் திறக்கவில்லை என்றால் அளவை ஒப்பிட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள். ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறந்து வேகப்படுத்தப் பார்த்தால் தடுத்துவிடுவார்கள்.

## அறிகுறி 5: மெஷின் திணறுகிறது

அ. மெமரி நிரம்பிச் செத்துப்போகிறது

பெரிய மெஷினுக்குப் போகும் முன் ஒரு பெருக்கல். 10 மீட்டர் பேண்ட் ஒன்றில் பக்கத்துக்கு 10980 பிக்சல். மொத்தம் 12 கோடியே சொச்சம். 16 பிட்டில் 241 எம்பி. ஐந்து நாளுக்கு ஒரு படம் என்று ஆண்டுக்கு 73 தேதி, நான்கு பேண்ட் என்றால் சுமார் 70 ஜிபி. பைதானில் அசட்டையாக ஒரு வகுத்தல் போட்டதும் எல்லாம் ஃப்ளோட்64 ஆகி 281 ஜிபி ஆகிவிடும். ஆகவே முதல் மருந்து டேட்டா வகை, இரண்டாவது மருந்து துண்டு போடுவது. ஆண்டு முழுவதற்கும் மீடியன் (நடுமதிப்பு) எடுக்கிறீர்கள் என்றால், இடத்தைச் சிறு துண்டாகவும் காலத்தை முழுதாகவும் வெட்டுங்கள்: 1024க்கு 1024 பிக்சல், 73 தேதி, ஒரு பேண்ட் என்றால் 153 எம்பிதான். சாதாரண லேப்டாப் தாங்கும். தேதிவாரியாக வெட்டினால் மீடியன் போடும்போது எல்லாத் துண்டையும் மறுபடி மெமரிக்குள் இழுக்கும், அதைவிடச் சும்மா இருக்கலாம்.

ஆ. சிபியு சும்மா இருக்கிறது, வேலை நகரவில்லை

நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது. ஒரே ஒரு பிக்சலைப் படித்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஃபைல் ஜேபி2 வடிவமா? தொலைவிலிருந்து சிறு துண்டு படிக்க அது லாயக்கில்லை. சிஓஜி பிரதி இருந்தால் மாறுங்கள். இந்தப் படங்களைப் படிக்கும் மென்பொருளான ஜிடாலில் ஃபைலைத் திறக்கும்போது கோப்புறை முழுவதையும் பட்டியல் எடுக்கும் பழக்கத்தை நிறுத்தினால் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறையும். இதெல்லாம் செய்தும் மெதுவாக இருந்தால் மெஷின் இருக்கும் இடம் தப்பு. சென்டினல்-2 சிஓஜி பிரதிகள் அமேசானின் ஓரிகன் மையத்தில் இருக்கின்றன. மும்பையில் மெஷின் போட்டுவிட்டு ஓரிகனிலிருந்து படித்தால் ஒவ்வொரு துண்டும் பாதி உலகத்தைச் சுற்றி வரும். டேட்டா இருக்கும் இடத்துக்கு மெஷினைக் கொண்டுபோய், முடிவை மட்டும் ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

இ. எர்த் எஞ்சின் அடம்பிடிக்கிறது

‘டூ மெனி பிக்சல்ஸ்’ என்றால் இயல்பு வரம்பு ஒரு கோடி. ஒரு டைலே அதைத் தாண்டிவிடும், வரம்பை ஏற்றிக்கொள்ளுங்கள். ‘கம்ப்யூட்டேஷன் டைம்டு அவுட்’ என்றால் திரையில் அச்சிடுவதை விட்டு எக்ஸ்போர்ட்டுக்குப் போங்கள். மெமரிப் புகார் என்றால் கணக்கைச் சிறு துண்டுகளாக்கும் டைல்ஸ்கேலை 4, 8 என்று ஏற்றிப் பாருங்கள். பிழையே காட்டாமல் தப்பான விடை வருவதுதான் ஆபத்து: பல படங்களைச் சேர்த்து மீடியன் எடுத்ததும் அதன் இயல்பு கட்டம் 1 டிகிரி ஆகிவிடும். ஸ்கேல் 10 என்று எழுதாமல் சராசரி கேட்டால் வட்டாரம் முழுவதும் ஓரிரண்டு பிக்சலில் அடங்கிப்போகும்.

## அறிகுறி 6: கிளவுட் பில் எகிறுகிறது

அணைக்காமல் விட்ட மெஷின் இருக்கிறதா? பெரும்பாலும் அதுதான். அடுத்து, பாதியில் அறுந்த அப்லோடுகள்: பட்டியலில் அவை தெரியாது, ஆனால் இடத்துக்குக் காசு ஏறிக்கொண்டே இருக்கும். ஏழு நாளில் தானாக அழிய ஒரு விதி போட்டுவிடுங்கள். இடைநிலைப் படங்களைச் சேர்த்து வைப்பதும் வீண். மூலம் எப்போதும் இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் ஸ்கிரிப்டும் முடிவும் இருந்தால் போதும். இவற்றையெல்லாம் துடைத்த பிறகும் டேட்டா வெளியேறும் கட்டணமே பில்லில் முக்கால்வாசி என்றால், அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கிளவுட் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது லாபம்.

## அறிகுறி 7: எண் எல்லாம் சரி, ஆனால் ‘என் வயல் அப்படி இல்லையே’ என்கிறார் விவசாயி

அவர் சொல்வதை நம்பிவிட்டுத் தேடுங்கள். 10 மீட்டர் பிக்சல் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 பிக்சல். 20 சென்ட் துண்டுக்கு எட்டுதான், அதிலும் பெரும்பாலானவை வரப்பு, தென்னை, பக்கத்து வயல் ஆகியவற்றில் கால் வைத்திருக்கும். வயல் எல்லையை உள்பக்கமாக 10 மீட்டர் சுருக்கி, அதற்குள் முழுதாக விழும் பிக்சல்களை மட்டும் எடுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அந்த வயலுக்கு இந்த டேட்டாவால் பதில் சொல்ல முடியாது. அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

வயல் பெரியதுதான், ஆனாலும் பொருந்தவில்லையா? தேதி பாருங்கள். உலகம் முழுவதற்குமான ஒரு அடிப்படைப் படத்தோடு சென்டினல்-2ஐ ஒத்துப் பொருத்தும் முறை 2021 ஆகஸ்டில்தான் முழுமையாக வந்தது. அதற்கு முந்தைய மூலப் படங்கள் ஒன்றுக்கொன்று ஒரு பிக்சல் விலகியிருக்கலாம். கலெக்‌ஷன் 1 பிரதியை இறக்கினால் தீரும், ஆனால் முதல் அறிகுறியில் சொன்ன அந்த 1000 அதில் இருக்கும்.

அதுவும் இல்லை என்றால் எல்லை வரைபடமே நகர்ந்திருக்கிறது. புல வரைபடத்தை ஸ்கேன் செய்து, நான்கு மூலையைக் கண்ணால் பொருத்தி வரைந்த எல்லைகளில் இது சகஜம். கிணறு, சாலைச் சந்திப்பு போன்ற புள்ளிகளை உயர்துல்லியப் படத்தில் ஒப்பிட்டால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா வயலும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் நீங்களே தள்ளிவைக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் என்றால் கணினியில் சரிசெய்யப் பார்க்காமல் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். 20 சென்டுக்கும் கீழான துண்டுகள்தான் உங்கள் பகுதியில் அதிகம் என்றால், 3 மீட்டர் பிளானெட்ஸ்கோப் மாதிரிக் காசு கொடுத்து வாங்கும் படத்துக்கு விலை கேளுங்கள். வயலுக்கு எட்டு பிக்சல் இருந்த இடத்தில் தொண்ணூறு கிடைக்கும். விலையைக் கேட்ட பிறகு, மாதிரிக்குச் சில கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆள் அனுப்பி நேரில் பார்த்து வரச் சொல்வது மலிவு என்று தெரிந்தால், அதையே செய்யுங்கள்.